எக்ஸ்பிரஸ் பண்ணுங்கம்மா

ரொட்டிக்காரர் வந்துவிட்டார். தெருமுனையில் ‘பாம், பாம்’ என்று இரண்டு முறை. சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பித்தளைக் குழல், அதன் வாலில் கறுப்பு ரப்பர் உருண்டை. அமுக்கும்போது சத்தம், விடும்போது ஒரு மூச்சு. சத்தத்தை ஆம்பூரில் எல்லோரும் கேட்கிறார்கள். ரப்பர் தன் வயிற்றுக்குள் காற்றை இழுத்துக்கொள்ளும் அந்த ‘ஹ்ஊஸ்’ மட்டும் எனக்கென்று வருகிறது. கேட்டவுடன் இடது மார்பில் ஒரு சுருக். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, எனக்கு நாற்பத்து நான்கு. பால் வற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்த உடம்பு நாள்காட்டி பார்ப்பதில்லை.

இதைப் பல முறை எழுத உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இப்போது விடமுடியவில்லை. எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சருக்குப் போன வாரம் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. ‘நீங்க எப்படி பால் எடுத்தீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா’ என்று அவள் அம்மா வாசலில் வந்து நின்றார். வாயால் சொன்னால் பாதியில் வேறெங்கோ போய்விடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத்திலும் அப்படித்தான் போவேன் போலிருக்கிறது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். எனக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இது தங்கியது என்று ஏழு மாதம் வரைக்கும் நம்பி, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் ‘எச்சம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். எச்சம் என்றால் முடிவு பெறாத வினை; ‘வந்து’, ‘போய்’ என்று அந்தரத்தில் நிற்கும் சொல். எழுதிய கை இறங்குவதற்குள் கால் வழியே வெந்நீர் இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது. என் கணவர் தேவராஜ் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஃபாக்டரியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். தோல் கட்டு ஏற்றும் வேனில் என்னைப் படுக்கவைத்து வேலூருக்குக் கொண்டுபோனார். பதனிட்ட தோலின் வாசனையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர் முழுக்க அந்த வாசனைதான் என்றாலும், அன்றைக்குத்தான் அதை முழுசாக மூச்சிழுத்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. நாள் முழுக்கக் கைவண்டிக்காரர்கள் ‘ஓரம், ஓரம்’ என்று கத்துவது வார்டுக்குள் கேட்கும். மகள் பிறந்தபோது ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்குப் பெட்டி சூடு கொடுக்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது, மூன்றையும் சேர்த்துச் செய்ய அவளுக்கு இன்னும் சில வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா. அதுவரை மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். குழாயில் ஊற்ற என் பால் வேண்டும்.

“அவ குடிக்கமாட்டா. ஆனா அவ குடிக்கிறதா நெனச்சு நீங்க எடுத்துக் குடுக்கணும்” என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் விளக்கம். பிறகு ஸ்டெல்லா சிஸ்டர் வந்தாள். திருப்பத்தூர்ப் பெண், இருபத்தாறு வயதிருக்கும், நடையில் ஒரு துள்ளல். கையில் ஒரு கண்ணாடிப் புனல். புனலின் கழுத்துக்குக் கீழே பால் தேங்க ஒரு குமிழ், பின்னால் ரப்பர் உருண்டை. ரொட்டிக்காரரின் ஹாரனை யாரோ கண்ணாடியில் செய்தது போல் இருந்தது.

“மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் எக்ஸ்பிரஸ் பண்ணுங்கம்மா. ராத்திரியிலயும் விட்டுடாதீங்க.”

“சரி சிஸ்டர்” என்றேன்.

ஆம்பூர்க்காரிக்கு எக்ஸ்பிரஸ் என்றால் என்ன? எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் வண்டி. பஸ் ஸ்டாண்டில் சிவப்பு போர்டு போட்டு, வாணியம்பாடி தாண்டும்வரை மூச்சுவிடாமல் ஓடும் பஸ். மெட்ராஸில் படித்தவர்கள் கருத்தை வெளியிடுவதற்கும் அதே சொல்லைச் சொல்வார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் அது நினைவுக்கு வரவில்லை. வேகமாகச் செய்யச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். பதினான்கு வருஷமாகச் சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறவள், தன்னைவிட ஒன்பது வயது சின்னவளிடம் ‘அப்படின்னா இன்னா?’ என்று எப்படிக் கேட்பாள்?

ஆகவே வேகமாக அமுக்கினேன்.

துணித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, புனலை மார்பில் பதித்து, உருண்டையை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, நிமிஷத்துக்கு எத்தனை முறை என்று தெரியாது, கைவிரல் மரத்துப்போகும்வரை. முதல் இரண்டு நாள் மஞ்சளாகச் சில சொட்டுச் சீம்பால். மூன்றாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. தொட்டால் அழுகை வந்தது. பால் உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை, நான் இன்னும் வேகமாக அமுக்கினேன். காம்பு புனலின் கழுத்துக்குள் இழுபட்டு, கண்ணாடிச் சுவரில் உரசி உரசித் திரும்பியது. நான்காம் நாள் தோல் வெடித்தது. ஐந்தாம் நாள் குமிழில் தேங்கியது வெள்ளையாக இல்லை, ரோஸ் நிறம். மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் நர்சரிக்கு எடுத்துப் போகும் ஆயாம்மா ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூடியைச் சாத்தி எடுத்துக்கொண்டு போனாள். பேசியிருந்தால் தேவலை.

இந்த நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? அசதிக்கு அழகான சொல் இல்லை. அமுக்குவது, கழுவுவது, கொதிநீரில் போடுவது, ஆறவைப்பது, படுப்பது, கண் சொக்கும்போது ஸ்டெல்லாவின் விரல் தோளில் தட்டுவது, மறுபடி அமுக்குவது. நாத்தனார் வாரம் இருமுறை சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவாள். வீட்டில் யாரும் தொடாத அளவுக்குப் பூண்டு. தின்றேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் என் மகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடப்பாள். ஒரு மதியம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இவளுக்காகத்தானே இவ்வளவு வலி என்று ஒரு வெறுப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அறிவியல் டீச்சருக்கும் அப்படி வந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் நாள் டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

“எடை எறங்கிட்டே போகுதும்மா. வேளைக்கு அஞ்சு ஸ்பூனாவது வேணும். நீங்க குடுக்கறது ஒரு ஸ்பூன். நேத்து டப்பா பால் கொஞ்சம் விட்டுப் பாத்தோம். வயிறு உப்பிக்கிச்சு, குழாய் வழியா பச்சையா திரும்பி வந்துது. அந்தக் குடலுக்கு இன்னும் அது தாங்காது. தாய்ப்பால்தான் தாங்கும்.”

“எனக்கு வரலையே டாக்டர்.”

“வரும். வரணும்” என்று எழுந்து போனார். அந்த ‘வரணும்’ நாள் முழுக்கத் தலைமாட்டில் நின்றது.

அன்று மாலையே குளிர்ஜுரம். பல் கிட்டியது. இடது மார்பில் அக்குள் பக்கமாக ஒரு சிவப்பு, தொட்டால் சுடும். பால் கட்டி நின்ற இடத்தில் வெடிப்பு வழியே கிருமி நுழைந்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டார்கள். “பழுத்துடுச்சுன்னா கீறி எடுக்க வேண்டி வரும். பழுக்காம இருக்கணும்னா அந்தப் பக்கத்தை காலி பண்ணிட்டே இருக்கணும்.” வலிக்கிற பக்கத்தைத்தான் காலி செய்ய வேண்டும். அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்றேன். கொடுக்கலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். அதற்கு முன் பால் வர வேண்டுமே.

ஜுரம் அடித்ததால் ஆயாம்மா என் கட்டிலின் திரையை விலக்கிக் கட்டிவிட்டாள், காற்று வரட்டும் என்று. அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளை முழுசாகப் பார்த்தேன். ஷம்ஷாத். பேரணாம்பட்டு. வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. இருபத்தேழு வயதில் நாலாவது பிள்ளை; வயிற்றைக் கீறி எடுத்த தையலில் சீழ் பிடித்ததால் தங்கியிருந்தாள். அவள் பையன் குண்டாகப் பக்கத்திலேயே கிடந்து, பால் வாயோரம் வழிய வழியத் தூங்குவான். அவளுக்குப் பால் ஜாஸ்தி. ரவிக்கை எப்போதும் நனைந்திருக்கும்.

என் நிலைமை வார்டுக்கே தெரியும். அவள் கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

“அக்கா, நான் குடுக்கட்டா?”

“இன்னாது?”

“பாலுதான். எனக்கு ஜாஸ்தி. தினம் கீழதான் போவுது.” உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. இப்பவே யோசிச்சுக்க. என் பாலக் குடிச்சா உன் பொண்ணு என் பையனுக்கு தங்கச்சி ஆயிடும். எங்க முறையில அப்புறம் நிக்காஹ் பண்ண முடியாது. நாளைக்கு மாப்ள கேட்டு வந்து நின்னா நான் பொறுப்பில்ல.”

ஜுரத்திலும் சிரித்துவிட்டேன். “உன் பையன் பேஜாரு புடிச்சவன். எனக்கு வேணாம்.”

“அப்ப சரி, டாக்டரம்மாகிட்ட சொல்லு.”

டாக்டரம்மா சம்மதித்தார். ஷம்ஷாத் பையனை ஒரு பக்கம் குடிக்கவிட்டு, மறுபக்கம் கிண்ணத்தில் கையாலேயே எடுத்துக் கொடுப்பாள். ரப்பர் கிடையாது, கண்ணாடி கிடையாது. அதைச் சூடுகாட்டி ஆறவைத்துக் குழாயில் விட்டார்கள். என் மகளின் வயிறு உப்பவில்லை. அது செவ்வாய்க்கிழமை. ஷம்ஷாத்தின் தையல் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அவள் போன பிறகு? நாலு நாளைக்குள் என் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். கற்காவிட்டால் மறுபடி டப்பா. டப்பா அவளுக்கு ஆகாது. இதற்கு மேல் நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைப்பின் வாசலைச் சாத்தி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மதியம். ஜுரம் சற்று இறங்கியிருந்தது. நான் புனலைப் பதித்து வழக்கம்போல் ஆரம்பித்தேன். திரை இல்லை. ஷம்ஷாத் பையனைத் தட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

“இன்னாக்கா இது? பின்னாடி லாரி வர்ற மாரி ஹாரன் அடிக்கிற?”

“சிஸ்டர் எக்ஸ்பிரஸ் பண்ணச் சொன்னாங்களே.”

“அதுக்கு?”

“எக்ஸ்பிரஸ்னா வேகமாதான?”

ஷம்ஷாத் யோசித்தாள். “ஆமா, என்கிட்டயும் அப்டித்தான் சொன்னாங்க. எக்ஸ்பிரஸ்ல பண்ணுன்னு. நான் ‘இந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும், கல்யாணம்கூட ஆவல’ன்னு வுட்டுட்டேன். என் இஷ்டத்துக்கு பாசஞ்சர்லதான் போறேன்.”

ஸ்டெல்லா எதிர்க் கட்டிலில் ஒருத்திக்குச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். வாயில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. தெர்மாமீட்டரை உதறுவதை விட்டுவிட்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

“டீச்சர், எக்ஸ்பிரஸ்னா... பாலை வெளிய எடுக்கறதுக்குப் பேருதான் அது. இங்கிலீஷ்ல. வேகம்லாம் இல்ல.”

நான் புனலை எடுத்தேன். குமிழில் ரோஸ் நிறத்தில் கால் ஸ்பூன்.

“நாலு வருஷமா எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டிருக்கேன்” என்றாள் ஸ்டெல்லா. குரல் இறங்கிவிட்டது. “யாரும் கேக்கல. எல்லாரும் சரி சிஸ்டர், சரி சிஸ்டர்னாங்க. எத்தனை பேர் இப்படி...” அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது என்று அங்கே விதி.

“தமிழ்ல சொல்லலாமே” என்றேன். வேறு என்ன சொல்வது?

“இன்னான்னு டீச்சர்? ‘கறங்க’ன்னு ஒருதரம் சொன்னேன். ‘நாங்க இன்னா மாடா’ன்னு ஒரு பாட்டி சண்டைக்கு வந்துடுச்சு.”

“பீச்சு?” என்றாள் ஷம்ஷாத். தானே தலையாட்டிக்கொண்டாள். “வேணாம், அதுவும் மாடுதான்.”

பத்து நாளில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்தது. பிழி, எடு, சுரக்கவை, ஊற்று, வடி என்று ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். பிழியில் வலி இருக்கிறது. எடுவில் அவசரம். ‘இறக்கு’ என்றேன். “பால் இறக்குங்கன்னு சொல்லு.”

“கள்ளு எறக்குற மாரியா?” ஷம்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லா, டீச்சரம்மா பேசுற பேச்சப் பாரு!”

“ஆமா, அது மாதிரிதான். பனையைப் போட்டு உலுக்கினா வருமா? பாளையைத் தட்டி, தடவி, பானையைக் கட்டிட்டு காத்திருக்கறான்ல.”

ஸ்டெல்லா அதை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பால் இறக்குங்கம்மா. பிறகு எழுந்து, அந்த மதியம் முழுவதும், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஷம்ஷாத்தும் கட்டிலிலிருந்து கட்டளை போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் வெந்நீரில் பிழிந்த துணியை மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும், தோல் தாங்கும் சூட்டில். விரல்களின் வயிற்றால் அக்குளிலிருந்து காம்பை நோக்கி மெல்ல நீவ வேண்டும். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளையைப் போர்த்திய துணியாவது மடியில் இருக்கட்டும். ஸ்டெல்லா நர்சரியிலிருந்து ஒரு துணுக்குத் துணி கொண்டுவந்தாள். அதில் என் மகளின் வாசனை இருந்தது: கொஞ்சம் டெட்டால், கொஞ்சம் வெதுவெதுப்பு. பிள்ளை வாய்வைத்ததும் முதலில் சட்சட்டென்று லேசாக உறிஞ்சுமாம், பாலைக் கூப்பிடுவதற்காக. பால் இறங்கியதும் நிதானமாகிவிடும்: ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு ஓய்வு. கையும் அப்படித்தான் போக வேண்டும். உருண்டையை முழுக்க நசுக்கக் கூடாது, பாதிதான். முக்கியம், விடுவதில் இருக்கிறது. அமுக்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. உருண்டை திரும்ப நிமிரும்போதுதான் அது இழுக்கிறது. பட்டென்று விட்டால் வெடுக்கென்று இழுக்கும். விரலை மெல்ல மெல்லத் தளர்த்தினால் அதுவும் மெல்ல இழுக்கும். பத்து நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த ‘ஹ்ஊஸ்’தான் என் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று: ரப்பர் உருண்டைக்குள் பால் போய்விடாமல் புனலைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உள்ளே போன பாலைக் கழுவி எடுக்க முடியாது, அங்கேயே கெட்டுக் கிடக்கும்.

அன்று மாலை இரண்டு ஸ்பூன் வந்தது. இன்னும் வலித்தது. புண் பட்ட இடம் கண்ணாடியில் உரசும்போது பல்லைக் கடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, என் கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். தூக்குவாளியை வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீடுகளில் இந்த விஷயத்தில் ஆண்களுக்கு வேலை இல்லை. அன்று திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, “என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. வலிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றிருக்கும்.

முதலில் கூச்சத்தோடு பார்த்தார். பிறகு குனிந்தார். ஃபாக்டரியில் திரும்பி வந்த சரக்கைப் பார்க்கும் கண் அது. எனக்கு அந்தக் கண் தெரியும்.

“எஸ்தரு, இது செருப்புக் கடி.”

“இன்னாது?”

“செருப்பு ரெண்டு விதமாக் கடிக்கும். லூசா இருந்தா அங்கங்க தேஞ்சு கொப்புளம் வரும். டைட்டா இருந்தா சுத்தி வரம்பு கட்டும். இங்க பாரு, சுத்தி வரம்பு. அந்தப் புனலைக் குடு.”

கொடுத்தேன். கழுத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு போய், “சிஸ்டர், இதுல நம்பர் இருக்கா?” என்று கேட்டார்.

“நம்பரா? புனலுக்கு ஏது சார் நம்பர்? அலமாரியில எது கையில வருதோ அதான்.”

“எல்லாக் காலுக்கும் அஞ்சாம் நம்பரா சிஸ்டர்?”

ஸ்டெல்லா அவரையே பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து எல்லாப் புனல்களையும் ஒரு தட்டில் கொண்டுவந்தாள். பல கம்பெனிகள், பல வருஷங்கள், ஆறு இருந்தன. என் கணவர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்தையும் அளந்தார். மூன்று அளவுகள். ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம்; எட்டு நூல் ஓர் அங்குலம். எனக்குக் கொடுத்தது எல்லாவற்றிலும் சின்னது.

“ஆட எடம் வேணும் சிஸ்டர். கால் நடக்கும்போது ஷூக்குள்ள ஆடுதுல்ல, அந்த மாரி. சுவத்துல படாம உள்ள போய் வரணும். ரொம்பப் பெருசு போட்டாலும் தப்பு, சுத்தி இருக்கற சதையும் சேந்து உள்ள போயிடும்.” கொஞ்சம் யோசித்தார். “வேணும்னா நான் உள்ள மெல்லிசா ஆட்டுத்தோல் லைனிங் போட்டுத் தரேன். பட்டு மாரி இருக்கும்.”

“தோலை எப்படி சார் வேகவைக்கிறது? எங்களுக்கு எல்லாத்தையும் கொதிக்கப் போடணும்.”

“ஐயோ, ஆமா. சுருங்கிடும்” என்றார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நடு அளவை எடுத்துக்கொண்டேன். வெந்நீர்த் துணி. நீவல். மடியில் மகளின் துணி. லேசாகச் சில முறை அமுக்கி, பிறகு மெல்ல. விரலைத் தளர்த்தி, காத்திருந்து. அமுக்கி, தளர்த்தி. காம்பு சுவரில் படவில்லை. கைவண்டிக்காரன் வெளியே ‘ஓரம், ஓரம்’ என்று போனான். அப்போது இரண்டு மார்புக்குள்ளும், முதுகிலிருந்து யாரோ ஊசிகளை மழையாகத் தூவியது போல் ஒரு சிலிர்ப்பு ஓடி வந்தது. பயந்துபோய்க் கையை எடுக்கப் பார்த்தேன்.

“எடுக்காத! அதான்! எறங்குது, எறங்குது!” என்று ஷம்ஷாத் கத்தினாள்.

கண்ணாடியில் வெள்ளைக் கோடுகள், இரண்டு, மூன்று, தனித்தனித் திசையில். கோடு கோடாக வந்து குமிழில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அழுதேனா என்று கேட்காதீர்கள். ஆறு ஸ்பூன். மஞ்சள் சாயல் ஏறிய வெள்ளை. அதில் சிவப்பு இல்லை. ஆயாம்மா கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, “ஆங்” என்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அடுத்த வேளை மூன்று ஸ்பூன்தான். அதற்கடுத்து நாலு. இடது பக்கச் சிவப்பு அடங்க இன்னும் ஒரு வாரம். கத்தி வைக்கும்படி ஆகவில்லை. அந்தப் பக்கம் கடைசிவரை கம்மியாகத்தான் கொடுத்தது. சனிக்கிழமை ஷம்ஷாத் புறப்படும்போது என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டாள். “அஞ்சு. போதும். நான் போய்ட்டு வர்றேன்” என்று பையனைத் தூக்கி என் முகத்தருகே காட்டினாள். “டேய், அதோ கண்ணாடிக்குள்ள உன் தங்கச்சி. பாத்துக்க.”

இன்னும் நாலு வாரம் இருந்தேன். அமுக்கி, தளர்த்தி, கழுவி, கொதிக்கவைத்து. வலி போன பிறகு அசதி மட்டும் மிஞ்சியது. அதோடு இருக்க முடிந்தது. மகள் எடை ஏறினாள். குழாயை எடுத்தார்கள். பாலாடைச் சங்கில் குடித்தாள். பிறகு ஒரு காலையில் என் மார்பில் வாய்வைத்து, முதலில் சட்சட்டென்று, அப்புறம் நிதானமாக, ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு ஓய்வு. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நாள் என் கணவர் காகிதத்தில் சுற்றி ஒன்று கொண்டுவந்தார். கெட்டியான தோல் பட்டை ஒன்று, மாட்ட ஒரு வளையம், நடுவே வரிசையாக மூன்று ஓட்டைகள். அவற்றின் கீழ் ஃபாக்டரி அச்சில் குத்திய 1, 2, 3. புனலின் கழுத்தை ஓட்டையில் விட்டுப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். ஸ்டெல்லா அதை அலமாரிக் கதவின் ஆணியில் மாட்டினாள். வார்டில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவளிடம் ‘பால் இறக்குங்கம்மா’ என்று ஸ்டெல்லா சொல்வது காலையில் கேட்டது. “அப்படின்னா?” என்று அந்தப் பெண் உடனே கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது.

சந்து முனையில் ரிக்‌ஷா நின்றது. ஸ்டெல்லா மகளைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

“எதுல போறீங்க டீச்சர்?”

“மூணே காலுக்கு எக்ஸ்பிரஸ் பஸ் இருக்கு சிஸ்டர்” என்றார் என் கணவர். “ஒரு மணி நேரத்துல ஆம்பூர்.”

“வேணாம் சார்” என்றாள் ஸ்டெல்லா. “சாதா வண்டியிலயே போங்க. நின்னு நின்னு போவட்டும். வழியில அவ குடிப்பா.”